கிள்ளானில் மெதுவாக வேலை செய்யக் கற்றுக்கொடுத்த கதை

கப்பலை விட்டு இறங்கியதும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதியாயிற்று. தொழில் என்ற இடத்தில் நாலே நாலு கட்டம்: கூலி, கங்காணி, கிளார்க், வியாபாரி. இந்தியாவிலிருந்து வருகிறவன் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமாம். நான் எஞ்சினீயர் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் கோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கிளார்க் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "அடுத்த ஆள்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் நாலு வருஷம் எஞ்சினீயரிங், அதற்கு மேல் மான்செஸ்டரில் ஒரு வருஷம் குளிரில் விறைத்து, உப்புச் சப்பில்லாத உருளைக்கிழங்கைத் தின்று படித்த படிப்பு. அந்த ஊரில் அது புத்தம் புதிய பாடம். தொழிற்சாலையில் ஒரு வேலையை எத்தனை அசைவில் செய்யலாம், எத்தனை விநாடி பிடிக்கும், எந்த மேஜை எங்கே கிடந்தால் நடை மிச்சம் என்று கடிகாரமும் கையுமாக நின்று அளந்து சொல்ல வேண்டும். அதைப் படித்த தமிழன் எனக்குத் தெரிந்து வேறு ஒருவனும் இல்லை. அதனால்தான் கிள்ளானில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனி, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எழுதி வரவழைத்தது. அளந்து அறிக்கை கொடு, சரியாக இருந்தால் உதவி எஞ்சினீயர் உத்தியோகம் என்று கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் கிளார்க்காகக் கரை இறங்கினேன்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தங்க இடம் கிடைத்தது. என் அத்தானுடன் பள்ளியில் படித்த மாசிலாமணி அண்ணன் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார். செந்தூல் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் டிராப்ட்ஸ்மேன் வேலை. அவர் மனைவி அன்றைக்கு நெத்திலிச் சம்பலும் புளிக்குழம்பும் வைத்திருந்தார். சம்பலில் இருந்த மிளகாய்க்கு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது வயிற்றெரிச்சலில் வந்த கண்ணீர் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

"கட்டத்துக்கெல்லாம் மனச விடாதே தம்பி. நான் பதினெட்டு வருஷமா பிளான் போடுறேன். போன மாசம்தான் சீமையிலேர்ந்து ஒரு பொடியன் வந்தான். கோடு நேரா போட வராது அவனுக்கு. என் பிளான் அடியில கையெழுத்து அவன்தான் போடுறான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய பையன் பள்ளியில் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனைச் சென்னைக்கு அனுப்பி எஞ்சினீயரிங் படிக்க வைக்கலாமா என்பதுதான் அண்ணனின் பெரிய கவலை. "உன் படிப்பு படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டார். விடுவேனா? நூற்பாலை, சர்க்கரை ஆலை, தேயிலைத் தொழிற்சாலை, ரயில் பட்டறை, துறைமுகம் என்று சோற்றில் கை காயும் வரைக்கும் அடுக்கினேன். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடம் எல்லாம் எங்களுக்குச் சொந்தம் என்றேன். அண்ணன் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைத்தார். அன்றைக்கு ராத்திரி எனக்கு என் பேச்சே இனித்தது.

மறுநாள் புதன்கிழமை கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். பஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏழு பேர் உட்காரும் பெட்டிக்குள் பதின்மூன்று பேர், இரண்டு கோழிக்கூடை, ஒரு மூட்டை கருவாடு. ஓட்டினவர் ஒரு சீனர், வாயில் அணைந்துபோன சுருட்டு. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் வண்டி இருமியது, பிறகு நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நின்றோம். பக்கத்தில் நின்ற துணி வியாபாரி, நாகூர்க்காரர், "தம்பி கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க, என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். எஞ்சினீயரிங் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான், மற்ற எல்லாரும் சேர்ந்து என்னை வண்டிக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். நானும் குனிந்து பார்த்தேன். மான்செஸ்டரில் பார்த்த எந்த எஞ்சினோடும் அதற்கு உறவில்லை. பாதிக்கு மேல் கயிறும் தகர டப்பாவுமாக இருந்தது. சீனர் என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். துப்பினார். மறுபடி மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. "புஸ்தகத்துல இது இருக்காது தம்பி" என்றார் துணி வியாபாரி. கிள்ளான் வரும் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் அந்தச் சீனருக்கு நம் ஊரில் ஒரு பட்டறையே கொடுக்கலாம்.

ரப்பர்த் தொழிற்சாலையை இங்கே எல்லாரும் 'ஸ்டோர்' என்கிறார்கள். தோட்டங்களிலிருந்து புகை போட்ட ரப்பர் ஷீட் வந்து இறங்கும். பெண்கள் அதை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூசணம் பிடித்த இடத்தையும் தூசி ஒட்டின இடத்தையும் கத்தரியால் வெட்டி எடுத்து, தரம் பிரித்து அடுக்க வேண்டும். இரண்டு நீள மேஜை, மேஜைக்கு எட்டுப் பேர். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். வாடை குடலைப் பிரட்டும். நான் முதல் நாள் கைக்குட்டையை மூக்கில் வைத்ததைப் பார்த்து ஒரு மேஜையே சிரித்தது.

ஸ்டோரின் மானேஜர் துரைக்கு என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து கம்பெனி வாங்கி வைத்திருந்த ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக் கொடுத்தார். "ஒரு ஷீட்டுக்கு எத்தனை விநாடி என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரே மேஜையால் முடியும் என்று நான் நினைக்கிறேன். நீ அதை நிரூபித்துக் கொடு" என்றார். அளப்பதற்கு முன்னாலேயே விடையைச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரை நான் அங்கேதான் பார்த்தேன். அப்பொழுதே சுதாரித்திருக்க வேண்டும். உதவி எஞ்சினீயர் என்ற இரண்டு வார்த்தை என் காதை அடைத்திருந்தது.

வியாழனும் வெள்ளியும் அளந்தேன். அடேயப்பா! அந்தப் பெண்களின் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷீட் மேலே போவதும் தெரியாது, கத்தரி விழுவதும் தெரியாது. யாரும் பேசவில்லை, யாரும் நிமிரவில்லை, தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒருத்தி போகவில்லை. முதல் மேஜைக்குத் தலைவி மாதிரி இருந்தவர் அஞ்சலை, நாற்பது வயது இருக்கும், முழங்கை வரை ரப்பர் கறை. நான் கடிகாரத்தை அமுக்கும் சத்தம் கேட்டதும் அவர் தொண்டையைச் செருமுவார். உடனே இரண்டு மேஜையும் இன்னும் வேகம் எடுக்கும்.

மத்தியானம் எதிரே இருந்த முஸ்லிம் கடையில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன். வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு அறையில் எனக்கு இடமில்லை என்று பெரிய கிராணி, அதாவது அங்கே தலைமைக் குமாஸ்தா, காதோடு காதாகச் சொல்லியிருந்தார். கிராணிகளின் அறையில் நாற்காலி போதவில்லை. கடைக்காரர் மட்டும், "வாங்க தம்பி, ஃபேன் கீழ உக்காருங்க" என்று இடம் போட்டுக் கொடுத்தார். நான்கு மணிக்குக் கொட்டிய மழை இருக்கிறதே, நம் ஊரில் வருஷம் முழுக்கப் பெய்வதை இங்கே ஒரே மாலையில் பெய்துவிட்டுப் போகிறது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கணக்கை முடித்தேன். என் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. கடிகாரத்தோடு ஒருவன் வந்து நின்றால் தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வான், ஆகையால் அளந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும் என்று. கழித்தேன். வரைவு அறிக்கையைத் துரையிடம் கொடுத்தேன். அவர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "திங்கட்கிழமை இரண்டாவது மேஜையை நிறுத்திவிடலாம். நாளை டைப் செய்து வைக்கிறேன், வந்து கையெழுத்துப் போடு" என்றார். எட்டுப் பெண்களுக்கு வேலை போகிறது என்பது எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும், விஞ்ஞானம் அப்படித்தான் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

மழை விட்டிருந்ததால் குடையை ஸ்டோரிலேயே மறந்து வந்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் கையெழுத்துப் போடப் போனவன், முதலில் குடையை எடுக்கலாம் என்று பின்பக்கக் கிடங்கு வழியாக நுழைந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தது வேறு ஸ்டோர். ஷீட்டைத் தூக்கி ஒருத்தி பார்க்கிறாள், பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள், பிறகு கத்தரியை எடுக்கிறாள். ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நிறைமாதமாக இருந்த செல்லம்மா என்ற பெண் ஷீட் அடுக்கின் மேல் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொள்கிறாள். அவளை நான் முந்தின இரண்டு நாளும் மேஜையில் பார்க்கவே இல்லை. ஆனால் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அடுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. மனிதர்கள் தினம் தினம் வருஷக்கணக்கில் செய்யக்கூடிய வேகம் அது.

என்னைக் கண்டதும் அஞ்சலை பதறிப்போய்த் தொண்டையைச் செருமினார். எல்லாரும் பாய்ந்து கத்தரியைத் தூக்கினார்கள்.

"அக்கா, நிறுத்துங்க. கடிகாரம் இல்லை என்கிட்ட" என்றேன். "ரெண்டு நாளா ஏன் அப்படிப் பறந்தீங்க?"

அஞ்சலை வெட்கத்தோடு சிரித்தார். "அட, பெரிய கிராணி சொன்னாருல்ல. அளக்குறது நல்லா வந்தா தம்பிக்குத் துரை மாதிரி உத்தியோகம்னு. நம்ம ஊர்ப் புள்ள படிச்சிட்டு வந்து நிக்குது, அது முன்னாடி கையக் கால நீட்டிக்கிட்டு வேலை செஞ்சா நமக்குத்தானே அசிங்கம்? அதான் செல்லம்மாவ லயத்துலயே இருக்கச் சொல்லிட்டோம். தண்ணியும் குடிக்கக் கூடாதுன்னு பேசி வச்சிக்கிட்டோம். ஏன் தம்பி, கணக்கு நல்லா வரலியா?"

எனக்காக! எவனோ ஒரு கோட்டுப் போட்டவன் முன்னுக்கு வர வேண்டும் என்று பதினைந்து பெண்கள் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் கையை ஒடித்துக்கொண்டார்கள். அதை நான் அளந்து, அதிலும் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, அவர்கள் வயிற்றிலேயே அடிக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடிகாரத்தைக் கண்டால் மெதுவாகச் செய்கிறவனைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினார்களே அந்த மகானுபாவர்கள், விருந்தாளியைக் கண்டால் உயிரைக் கொடுத்துச் செய்கிற ஜனங்களைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா? அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் தமிழன், எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்! கல்யாண வீட்டில் யாரும் கேட்காமலே பந்திக்குப் பந்தி ஓடுகிற சனத்தில் பிறந்த எனக்கு அது உறைக்காமல் போயிற்றே. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது மேஜை நிற்கப் போகிறது என்றேன். செல்லம்மா, "நான் ரெண்டாவது மேஜை" என்றாள். நேராகத் துரையின் அறைக்குப் போனேன்.

டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. பேனாவையும் பக்கத்தில் வைத்திருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன், அளவு தப்பு, நான் இல்லாதபோது அவர்கள் வேலை செய்யும் வேகம் வேறு, இரண்டு வாரம் எடுத்து மறுபடி அளக்க வேண்டும் என்றேன்.

"நீ பார்க்கும்போது ஒரு வேகம், பார்க்காதபோது ஒரு வேகம். பார்க்காதபோது சோம்பேறித்தனம் என்றுதானே அர்த்தம்?" என்றார் துரை.

"பார்க்காதபோது இருப்பதுதான் வேலை. நான் பார்த்தது மரியாதை" என்றேன். இங்கிலீஷில் சொல்லும்போது அது பைத்தியக்காரத்தனமாகத்தான் ஒலித்தது.

அவர் சிரித்தார். "நீ சம்பளப் பட்டியலில் கிளார்க். உதவி எஞ்சினீயர் ஆவதற்கு இந்தக் கையெழுத்து உனக்குத்தான் தேவை, எனக்கு இல்லை. திங்கட்கிழமை சின்ன துரை ஒரு நாள் நின்று அளப்பார். உன் கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் போதும், அந்த மேஜை வெளியே." கடிகாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆத்திரத்தில் குடையை மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டேன்.

வீட்டில் மாசிலாமணி அண்ணனிடம் கத்தித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் பையன வைத்தியத்துக்குப் படிக்கப் போட்டுடலாம்லா" என்றார்.

"கூடவே கூடாது!" என்று சத்தம் போட்டேன். உள்ளே இருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "கடிகாரம் அவங்க கையிலயே இருக்கிற வரைக்கும் அவங்க சொல்றதுதான் கணக்கு. நம்ம பையன் அவசியம் படிக்கணும். பத்துப் பேர், நூறு பேர் படிக்கணும்." கத்தி முடித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாடப்புத்தகத்தை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிள்ளானில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். வரிசை வீடுகளுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் பதினாறு பேரும் கூடினார்கள். ஷீட்டுக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாள். அந்தப் பாழாய்ப்போன அத்தியாயத்தை, கடிகாரத்தைத் தொழிலாளி எப்படியெல்லாம் ஏய்ப்பான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை, நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

அஞ்சலை முகத்தைச் சுளித்தார். "வேலையில கள்ளம் பண்றதா? நமக்கு அந்தப் பழக்கம் இல்ல தம்பி."

"ஏற்கெனவே பண்ணிட்டீங்க அக்கா. ரெண்டு நாள் பொய்யா வேகமா செஞ்சீங்க. நாளைக்கு ஒரு நாள் பொய்யா மெதுவா செஞ்சா ரெண்டும் சரியாப் போகும். உண்மை நடுவுல இருக்கு, நான் சனிக்கிழமை பாத்தேன்."

"உங்க உத்தியோகம்?"

"அது போச்சு."

"அடப்பாவி! அதுக்குத்தானே நாங்க செத்தோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு செய்தித்தாளை எடுத்து, "சரி, சொல்லுங்க" என்றார்.

சும்மா நிற்கக் கூடாது, நின்றால் பிடித்துவிடுவார்கள் என்றேன். கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும், நேரம் மட்டும் ஓட வேண்டும். ஷீட்டை வெளிச்சத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பிடியுங்கள். திருப்பிப் பிடியுங்கள். கத்தரியில் ரப்பர் ஒட்டினால் துடையுங்கள், ஒட்டாவிட்டாலும் துடையுங்கள். அடுக்கைத் தட்டி ஓரம் சேருங்கள். பக்கத்தில் இருப்பதை எட்டி எடுக்காமல் நடந்துபோய் எடுங்கள். பதினாறு பேரும் ஒரே அளவாகச் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம்.

சொல்வது சுலபம். ஒருத்திக்கும் வரவில்லை! இரண்டு தாள் மெதுவாகப் போகும், மூன்றாவது தாளில் கை தானாகப் பறக்கும். "கை கூசுது தம்பி" என்று ஒருத்தி அழாத குறை. கடைசியில் செல்லம்மாதான் வழி சொன்னாள். "எல்லாரும் என்னைய மாதிரி நெறமாசம்னு நெனச்சிக்குங்க." உடனே வந்துவிட்டது. பதினாறு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு, செய்தித்தாளை ஆகாசத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நான் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

போகும்போது அஞ்சலை கேட்டார்: "இதுக்குத்தான் காலேஜ்ல அஞ்சு வருஷம் படிச்சீங்களா?"

"ஆமாக்கா" என்றேன்.

திங்கட்கிழமை ஸ்டோருக்குள் எனக்கு அனுமதி இல்லை. எதிரே முஸ்லிம் கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கேட்காமலே கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது கோப்பியையும் குடித்தாயிற்று. மாலை மூன்று மணிக்குப் பெரிய கிராணி குடை பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். அது என் குடை.

"சின்ன துரை ரெண்டு தடவ கடிகாரத்தக் காதுல வச்சிப் பாத்தாரு, ஓடுதான்னு" என்றார். "ஒரு ஷீட்டுக்கு ஆகிற நேரம் உங்க கணக்குக்கு ரெட்டிப்பா வந்திருக்கு. உங்க அறிக்கையக் கிழிச்சாச்சு. இந்த விஞ்ஞானமே பித்தலாட்டம்னு துரை கத்துறாரு. ரெண்டு மேஜையும் இருக்கட்டும்னுட்டாரு." குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். "அப்புறம், உங்கள உடனே கப்பல் ஏறச் சொன்னாரு. ரொம்ப மட்டமான எஞ்சினீயரிங்னு சொன்னாரு."

சங்கு ஊதியது. பெண்கள் வெளியே வந்தார்கள். நான் கடை வாசலில் நின்று எண்ணினேன், பதினாறு. துரையின் கார் கேட்டருகே நின்றுகொண்டிருந்ததால் அவர்கள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ரோட்டைக் கடக்கும்போது பதினாறு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முந்தானையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிசெய்துகொண்டு, அன்ன நடை நடந்தார்கள். கார் ஹாரன் அடித்துப் பார்த்தது. ஒருத்தியும் அவசரப்படவில்லை.

கடையைத் தாண்டும்போது அஞ்சலை தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சரியா செஞ்சோமா, எஞ்சினீயர் தம்பி?"

அந்த நாட்டில் இருந்த வரைக்கும் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.